அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரி வரை: 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை முழுமையாகப் பயன்படுத்த ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் 2007-08 கல்வியாண்டு முதல் நுழைவுத் தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே மருத்துவச் சேர்க்கை நடந்து வந்தது. 2017இல் நீட் தேர்வு கட்டாயமானதும், மாநில மாணவர்களில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினர் படிக்கும் அரசுப் பள்ளிகளிலிருந்து எம்பிபிஎஸ் இடம் பெற்றவர்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கலையரசன் தலைமையிலான ஆணையம் இதை ஆராய்ந்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 10 விழுக்காடு ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது. அரசு அதை 7.5 விழுக்காடாக நிர்ணயித்து 2020 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. அக்டோபர் 30 அன்று ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டே 313 எம்பிபிஎஸ் இடங்களும் 92 பல் மருத்துவ இடங்களும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென ஒதுங்கின. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

முதுகலை ஆசிரியராக உயிரியல் கற்பித்த ஆண்டுகளில் நான் கண்டது, இந்த ஒதுக்கீட்டை இழக்கும் பிள்ளைகளில் பலர் படிப்பில் தோற்றவர்கள் அல்லர் என்பதே. ஒரு சான்றிதழ், ஒரு தவறான பாடப்பிரிவு, யாருடையதோ ஒரு கைபேசி எண், கட்டணம் பற்றிய அச்சம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் அவர்கள் நின்றுபோனார்கள். வசதியான வீடுகளில் இந்த வேலைகளை அப்பாவோ சித்தப்பாவோ செய்துவிடுகிறார்கள். அப்படி ஒருவர் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த இடத்தில் நிற்கப்போகிற ஆசிரியருக்கும், முன்னாள் மாணவருக்கும், ஊரில் படித்த அக்காவுக்கும் அண்ணனுக்குமாக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் படி: ஆறாம் வகுப்பிலிருந்தே தகுதியைக் காத்தல்

ஒதுக்கீட்டின் அடிப்படை நிபந்தனை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலம், பழங்குடியினர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறை போன்ற அரசுத் துறைகளின் பள்ளிகளும் இதில் அடங்கும். தனியார் நிர்வாகத்தில் அரசு நிதியுடன் நடக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்கா. இந்த வேறுபாடு பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. இரண்டிலும் இலவசப் பாடநூலும் மதிய உணவும் இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று நினைக்கிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

என்னிடம் படித்த ஒரு மாணவியின் பெற்றோர் செங்கல் சூளை வேலைக்காக வெளியூர் சென்றபோது, ஏழாம் வகுப்பை மட்டும் அந்த ஊரின் உதவி பெறும் பள்ளியில் படிக்க வைத்தார்கள். சூளைக்கு அருகில் இருந்த பள்ளி அதுதான். மறு ஆண்டு ஊர் திரும்பி எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் சான்றிதழுக்காகப் பழைய பதிவேட்டைப் புரட்டியபோதுதான் அந்த ஓராண்டு எங்கள் கண்ணில் பட்டது. பதிவேட்டில் அது ஒரே ஒரு வரி. அந்த வரிக்கு மாற்று எதுவும் இல்லை. ஐந்தாம் வகுப்பு முடித்துப் பள்ளி மாறும் நேரத்திலும், குடும்பம் வேலைக்காக இடம்பெயரும் நேரத்திலும் இந்த விதியைப் பெற்றோரிடம் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரே அதற்குப் பொருத்தமானவர் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: பத்தாம் வகுப்பு முடிந்ததும் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்தல்

நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் மேல்நிலை வகுப்பில் படித்திருக்க வேண்டும். உயிரியலுடன் கணிதம் உள்ள பிரிவும், தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக உள்ள பிரிவும் தகுதியானவை. தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் எடுத்தால் பின்னர் மருத்துவம் படிக்கலாம் என்று நம்பிச் சேரும் பெண் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிரிவில் இயற்பியலும் வேதியியலும் இல்லை என்பதைச் சேர்க்கை நாளிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்துப் பள்ளியில் அறிவியல் பிரிவு இல்லையென்றால், அது உள்ள அரசுப் பள்ளி எது, பேருந்து எப்போது, அரசு விடுதி உண்டா என்பதைப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். முடிவு வந்த பின் இரண்டு மூன்று நாள்களில் இடங்கள் நிரம்பிவிடும்.

கணிதத்துடன் சேர்ந்த பிரிவையே நான் பரிந்துரைப்பேன். நீட் இயற்பியலுக்குக் கணிதப் பயிற்சி உதவுகிறது என்பது ஒரு காரணம். மருத்துவ இடம் கிடைக்காத நிலையில் பொறியியல் வழியும் திறந்திருக்கும் என்பது மற்றொன்று. கணிதத்தைக் கண்டு மிரளும் பிள்ளையை அதில் தள்ளவும் வேண்டாம்.

மூன்றாம் படி: சான்றிதழ்கள்

பிளஸ் ஒன் சேர்ந்தவுடன் மாணவருக்கு ஒரு கோப்பு வாங்கிக் கொடுத்து, இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். தேர்வு முடிவு வந்த பிறகு இ-சேவை மைய வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் அழுத முகத்துடன் நிற்பார்கள்.

முதலில் பெயர். ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் முன்னால் இருக்கும். சாதிச் சான்றிதழில் தந்தையின் பெயர் முழுவதும் இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒவ்வொன்றிலும் ஒரு விதமாக இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளதை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு இணங்கத் திருத்துங்கள். பிறந்த தேதியையும் அப்படியே ஒப்பிடுங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். பெரும்பாலான பிரிவினருக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைத்துவிடும். பழங்குடியினருக்கு மட்டும் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் நிலையில் விசாரித்தே வழங்கப்படுவதால் மாதக்கணக்கில், சில குடும்பங்களுக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்துவிடுகிறது. உங்கள் பள்ளியில் பழங்குடி மாணவர் இருந்தால் ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்பிக்க வையுங்கள். உறவினர் எவருக்காவது ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் அதன் நகலையும் உறவுமுறையைக் காட்டும் ஆவணங்களையும் இணைத்துக் கொடுங்கள். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் மாநிலச் சான்றிதழுடன் நின்றுவிடக் கூடாது. எல்லா மாநில மாணவருக்கும் பொதுவான அகில இந்திய ஒதுக்கீட்டில் 27 விழுக்காட்டு இடங்களுக்குப் போட்டியிட மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) சான்றிதழ் தனியாக வேண்டும். அது குடும்ப வருமானத்தையும் சார்ந்தது என்பதால் அந்தந்த ஆண்டுக்குப் புதிதாகப் பெற வேண்டும்.

மூன்றாவதாக, 7.5 விழுக்காட்டுக்கே உரிய படிப்புச் சான்றிதழ், பேச்சு வழக்கில் போனபைட். ஆறாம் வகுப்பு முதல் படித்த ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரும் கையொப்பமிட்டு, உரிய கல்வி அலுவலரின் மேலொப்பமும் பெற வேண்டியிருக்கும். நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி என மூன்று இடங்களில் படித்த பிள்ளைக்கு அது மூன்று பயணம். கோடை விடுமுறையில் தலைமையாசிரியர் ஊரில் இருக்கமாட்டார். பிளஸ் டூ அரையாண்டு விடுமுறைக்கு முன்பே, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸ் பதிவையும் பள்ளிப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, கையொப்பம் பெற வேண்டிய இடங்களைக் குறித்துவைத்தால் ஜூன் மாதத்தில் அலைய வேண்டியிராது.

நான்காம் படி: தேர்வுக்குப் படித்தல்

2025ஆம் ஆண்டு முதல் நீட் தேர்வில் 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். உயிரியலில் 90, இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 45. சரியான விடைக்கு நான்கு. தவறானதற்கு ஒன்று குறையும். 2021 முதல் 2024 வரையிலான வினாத்தாள்களில் 200 வினாக்களும், 2022 முதல் கூடுதல் நேரமும் இருந்ததால், அவற்றை வைத்துப் பயிற்சி தரும்போது வினாக்களைக் குறைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் மாணவரின் நேரக் கணக்கு பிசகிவிடும்.

மதிப்பெண்ணில் பாதி உயிரியலில் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர் தம் சொந்த உழைப்பால் மிக விரைவாக முன்னேறக்கூடிய பாடமும் அதுவே. ஆகவே பிளஸ் ஒன் முதல் பருவத்தில் உயிரியலை வரிவரியாகப் படிக்க வைத்து, 90 வினாக்களை 45 நிமிடங்களில் முடிக்கும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். மிச்சமாகும் நேரம் முழுவதும் இயற்பியலுக்குப் போகட்டும். பிளஸ் டூ பொதுத் தேர்வு முடிந்த பின் சில வாரங்கள் நடக்கும் சிறப்பு வகுப்பை மட்டும் நம்பி இரு, அதுவே போதும் என்று எந்த மாணவரிடமும் சொல்லாதீர்கள். தனியார் பயிற்சி மையத்தில் இரண்டாண்டு படித்தவரோடு அந்தப் பிள்ளை போட்டியிடுகிறது.

தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்பதால் சந்தேகமுள்ள வினாக்களையெல்லாம் விட்டுவிடச் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கணக்கு அதை ஆதரிக்கவில்லை. நான்கு விடைகளில் இரண்டு தவறு என்று உறுதியாகத் தெரிந்து, மீதமுள்ள இரண்டில் ஒன்றைக் குறித்தால், அப்படிப்பட்ட இரண்டு வினாக்களில் சராசரியாக ஒன்று சரி, ஒன்று தவறு. கிடைப்பது நான்கு, போவது ஒன்று. அச்சத்தினால் இருபது வினாக்களை விட்டுவரும் மாணவர் முப்பது மதிப்பெண்ணைத் தேர்வறையிலேயே வைத்துவிட்டு வருகிறார்.

தமிழ்வழி மாணவருக்கு மொழி பற்றி ஒரு தனி எச்சரிக்கை தேவை. தமிழில் எழுதத் தெரிவு செய்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. 2018ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்ததாக வழக்குத் தொடரப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அநீதி என்று உணர்ந்தாலும் விதி அதுதான் என்பதால், பிள்ளையை அதற்கு ஆயத்தப்படுத்துவது நம் பொறுப்பு. நான் கடைப்பிடித்த முறை எளியது. நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டங்கள்: நம் பாடநூலில் உள்ள தமிழ்ச் சொல், அதன் ஆங்கிலச் சொல், மாணவர் தம் சொந்தச் சொற்களில் எழுதிய பொருள். உந்தம் என்றால் என்ன என்று அழகாக விளக்கும் மாணவர் மொமென்டம் என்ற சொல்லைக் கண்டதும் திகைத்து நிற்பார். முடுக்கமும் ஆக்ஸிலரேஷனும் அவருக்கு வெவ்வேறு. நாளொன்றுக்கு எட்டுச் சொல் போதும். இரண்டாண்டில் இந்த நோட்டு முழு அகராதியாகிவிடும். கல்லூரி முதலாண்டில் அதன் அருமை இன்னும் தெரியும்.

ஐந்தாம் படி: விண்ணப்பம்

விண்ணப்பத்தில் கொடுக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் மாணவருடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் பதிவு செய்யும்போது, ஓடிபி விரைவாக வருவதற்காகக் கடைக்காரரின் எண்ணையே போட்டுவிடுவது வழக்கம். பிறகு நுழைவுச்சீட்டு, தேர்வு முடிவு, கலந்தாய்வு அழைப்பு எல்லாம் அந்த எண்ணுக்கே போகும். கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கும். முடிந்தவரை பள்ளியின் கணினி ஆய்வகத்தில் ஆசிரியர் அருகில் அமர்ந்து நிரப்பச் செய்யுங்கள். விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும் கோப்பின் உள்ளட்டையில் எழுதிவையுங்கள். 2025இல் விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓபிசிக்கு 1,600, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 1,000. முன்னாள் மாணவர் சங்கம் இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் விண்ணப்பிக்கத் தயங்கும் வீடுகளின் எண்ணிக்கை உடனே குறையும். சிறிய தொகையில் இதைவிடப் பயனுள்ள உதவி எனக்குத் தெரியவில்லை.

தேர்வு நாளன்று பிற்பகல் 1.30 மணிக்கு மையத்தின் வாயில் மூடப்படும். முழுக்கை சட்டை, மூடிய காலணி, நகை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வெளியூர் மையம் என்றால் முதல்நாளே போய்ச் சேருங்கள். பெண் பிள்ளையோடு வீட்டார் ஒருவரும் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

ஆறாம் படி: கலந்தாய்வு

நீட் மதிப்பெண் வந்துவிட்டால் இடம் தானாக வரும் என்று நினைத்து வீட்டில் காத்திருந்தவர்கள் உண்டு. மாநில இடங்களுக்கு மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழுவிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்; 7.5 விழுக்காட்டுக்கான பகுதியை அந்த விண்ணப்பத்தில் தவறாமல் குறிக்க வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும், எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற நிறுவனங்களுக்கும் மத்தியக் கலந்தாய்வுக் குழுவிடம் மற்றொரு விண்ணப்பம்.

7.5 விழுக்காட்டு இடங்கள் மாநிலத்தின் 69 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டு முறைக்குள்ளேயே பகிரப்படுகின்றன: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. எனவே ஒரு மாணவரின் வாய்ப்பைக் கணிக்க, முந்தைய ஆண்டின் 7.5 விழுக்காட்டுப் பட்டியலில் அவரது பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணைப் பாருங்கள். பொதுப் பட்டியலைப் பார்த்து மனமுடைந்து விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களிலும் இந்த 7.5 விழுக்காடு உண்டு. 2020இல் நடந்த முதல் கலந்தாய்வில், ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய் கட்டணத்துக்கு அஞ்சிச் சிலர் தனியார் கல்லூரி இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அதன் பிறகே அவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. இன்றும் இது தெரியாத பெற்றோர் உண்டு. ஆகவே கட்டணத்தை நினைத்து எந்தக் கல்லூரியையும் விருப்பப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். சேர்ந்தபின் வேறு பெயரில் பணம் கேட்டால், எதற்கு என்று எழுத்தில் கேட்டுப் பெற்றுத் தேர்வுக் குழுவுக்கு முறையிடுங்கள். கலந்தாய்வுக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பாமல் உடன் செல்லுங்கள். எந்தச் சுற்றுக்குப் பின் விலகினால் தண்டம் என்பதை அந்த ஆண்டுக் கையேட்டில் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

இடம் கிடைக்காவிட்டால்

பல் மருத்துவத்துக்கும், சித்தா உள்ளிட்ட இந்திய மருத்துவப் படிப்புகளுக்கும், ஓமியோபதிக்கும் இதே ஒதுக்கீடு உண்டு. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் 2021இல் தனிச் சட்டம் வந்தது. மாநிலக் கால்நடை மருத்துவ இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை என்பதால் பொதுத் தேர்வை அலட்சியம் செய்ய வேண்டாம்.

மறுபடி எழுதலாமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விடை. நீட் எழுத உச்ச வயது வரம்பில்லை; முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்களும் 7.5 விழுக்காட்டுக்குத் தகுதியானவர்கள். முதல் முயற்சியில் நெருங்கி வந்த மாணவருக்கு ஓராண்டு கூடுதலாகத் தருவதை நான் ஆதரிக்கிறேன். அந்த ஓராண்டில் அவர் எங்கே உட்கார்ந்து படிப்பார், வீட்டுச் செலவுக்கு அவருடைய கூலி தேவைப்படுமா, பெண் பிள்ளையென்றால் திருமணப் பேச்சு எழுமா என்பதையெல்லாம் முன்கூட்டியே குடும்பத்தோடு அமர்ந்து பேச வேண்டும். இரண்டாம் முறையும் கிடைக்காவிட்டால் சேரவேண்டிய படிப்பையும் அதே நாளில் முடிவு செய்துவிடுங்கள். பிள்ளையின் மனத்துக்கு அது பெரிய பாதுகாப்பு.

கடைசிப் படி: முதலாண்டைக் கடத்துதல்

சேர்க்கை நாளன்று மாலை போட்டு அனுப்பிவிட்டுப் பலர் திரும்பிப் பார்ப்பதில்லை. உண்மையில் கடினமான ஆண்டு அன்றுதான் தொடங்குகிறது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும் முழுக்க ஆங்கிலத்தில். முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு முயற்சிகளுக்கு மேல் அனுமதியில்லை. தொடக்கத்தில் அடிப்படை வகுப்பு என்று ஒரு காலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மொழிப் பயிற்சிக்கு மாணவர் அதை முழுவதும் பயன்படுத்த வேண்டும்.

தமிழ்வழியில் படித்த மாணவர் எழுத்துத் தேர்வைச் சமாளித்துவிடுவார். வாய்மொழித் தேர்வில்தான் வீழ்வார். எலும்பைக் கையில் கொடுத்து இது எந்தப் பக்கத்து எலும்பு, இந்த மேடு எதற்கு என்று கேட்கும்போது விடை தெரிந்தும் வாய் திறக்காது. என் மாணவி ஒருத்தி விடுதியில் கண்ணாடி முன் நின்று, கையில் தொடை எலும்பை வைத்துக்கொண்டு, தினமும் பத்து நிமிடம் உரக்கப் பேசிப் பழகினாள். முதல் வாரம் வார்த்தை வரவில்லை என்று தொலைபேசியில் அழுதாள். மூன்றாம் மாதம் நான் அவளை அழைத்தபோது எலும்பை விவரித்தே பேச்சைத் தொடங்கினாள். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: விடை வராத மாணவரைத் தமிழில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், தெரியாமையும் சொல்ல முடியாமையும் அப்போதே பிரிந்துவிடும்.

கட்டணம் அரசுடையது என்றாலும் வெள்ளை அங்கி, புத்தகங்கள், எலும்புத் தொகுப்பு, ஊருக்குப் போய்வரும் செலவு ஆகியவை உண்டு. மூத்த மாணவரிடமிருந்து எலும்பையும் பழைய புத்தகங்களையும் கைமாற்றிக் கொடுத்தால் பெருந்தொகை மிஞ்சும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். கல்லூரி அலுவலகத்தில் கேட்டு முதல் மாதமே பதிவு செய்யச் சொல்லுங்கள். முதலாண்டு முடியும்வரை வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள். சாப்பாடு எப்படி, அறைத் தோழர் யார், கடந்த தேர்வில் எவ்வளவு என்று கேட்டாலே போதும். சிக்கல் இருந்தால் குரலில் தெரிந்துவிடும்.

முதல் விடுமுறைக்கு அந்த மாணவர் ஊர் வரும்போது பள்ளிக்கு அழைத்து, பிளஸ் ஒன் வகுப்பில் ஒரு பாடவேளை உட்கார வையுங்கள். பாராட்டு விழாவாக நடத்த வேண்டாம். தம் கோப்பையும் மூன்று கட்ட நோட்டையும் கொண்டுவந்து, எந்தச் சான்றிதழை எந்த அலுவலகத்தில் எத்தனை நாளில் வாங்கினார் என்று அவரே சொல்லட்டும், பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும்.